பாட்டைத் தந்தவரும் பாட்டை எழுதியவரும்: மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் இசைவாழ்வு

பொது அறிவுப் போட்டிகளில் அவ்வப்போது ஒரு வினா எழுப்பப்படுகிறது: இந்திய நாட்டுப்பண்ணுக்கு இசையமைத்தவர் யார்? 'மார்கரெட் கசின்ஸ் என்னும் அயர்லாந்துப் பெண்மணி' என்று விடையளித்த மாணவருக்குக் கைதட்டல் கிடைத்ததை நான் கண்டிருக்கிறேன். வேறோர் அவையில் அதே விடை தவறெனத் தள்ளப்பட்டதையும் கண்டிருக்கிறேன். தள்ளியவர் சரியாகவே தள்ளினார். ஆயினும் அப்பெண்மணி யார், அவர் பெயர் எப்படி இந்த வினாவோடு வந்து ஒட்டிக்கொண்டது என்பதை அவரும் விளக்கவில்லை. செய்யாததை ஒருவர்மேல் ஏற்றினால் உண்மையில் செய்தவருக்குப் பிழை இழைத்தவராவோம். செய்ததை மறைத்தாலோ மற்றொரு பிழை. மார்கரெட் அம்மையார் வகையில் நம் பாடநூல்களும் வினாவிடை நூல்களும் இவ்விரு பிழைகளையும் மாறி மாறிச் செய்து வருகின்றன.

பினாங்கில் நின்று இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பியானோ என்றதும் நம் ஊரார் நினைவுக்கு வரக்கூடிய பெயர் டென்னிஸ் லீ. இத்தீவில் பிறந்து, இலண்டனில் பயின்று, பன்னாட்டு மேடைகளில் வாசித்த கலைஞர் அவர். மேடை, பரிசு, ஒலிப்பதிவு என்று அமைவதே ஒரு பியானோ கலைஞரின் வாழ்க்கை என்று நாம் எண்ணுவது இயல்பு. நான் இன்று எடுத்துக்கொண்டவரின் வாழ்க்கை அப்படி அமையவில்லை. பியானோ பயின்று, இசையில் பட்டம் பெற்று, அதைக் கற்பித்துப் பொருள் ஈட்டிய ஒருவர், அக்கல்வியை யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் ஒரே ஒரு முறை பயன்படுத்தினார். அவர் அங்கே எழுதி வைத்த மெட்டையே, வேறு சொற்களோடு, போர்க்காலத்தில் இந்நாட்டுத் தமிழர் ஆயிரக்கணக்கில் நின்று பாடினார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

மார்கரெட் எலிசபெத் கில்லெஸ்பி 1878ஆம் ஆண்டு அயர்லாந்தின் ரோஸ்காமன் மாவட்டத்திலுள்ள பாயில் என்னும் சிற்றூரில் பிறந்தார். சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பம், பிள்ளைகள் பலர், இவரே மூத்தவர். வீட்டாரும் நண்பரும் 'கிரெட்டா' என்றழைத்தனர். டெர்ரி நகரில் பள்ளிக்கல்வியை முடித்தபின் டப்ளினிலுள்ள இராயல் ஐரிஷ் இசைக் கழகத்தில் சேர்ந்து பயின்றார். 1902இல் அயர்லாந்து இராயல் பல்கலைக்கழகத்தின் இசை இளங்கலைப் பட்டம் பெற்றார். அக்காலத்தில் நடுத்தர வீட்டுப் பெண்ணுக்குப் பியானோ ஓர் அணிகலன். விருந்தினர் முன்னால் இரண்டு பாட்டு வாசிக்கத் தெரிந்தால் போதும். மேற்கொண்டு எவரும் கேட்க மாட்டார்கள். நம் வீடுகளில் பெண்பார்க்க வந்தவர் முன்னே ஒரு கீர்த்தனை பாடச் சொன்ன வழக்கத்தோடு இதை ஒப்பிடலாம். அவ்வணிகலனைப் பட்டமாகவும் தொழிலாகவும் மாற்றிக்கொண்டவர் மார்கரெட். பட்டம் பெற்றபின் இசையாசிரியராகப் பணியாற்றினார்.

1903இல் அவர் மணந்துகொண்ட ஜேம்ஸ் கசின்ஸ் ஒரு கவிஞர். அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சியோடு தொடர்புடையவர். மறுமலர்ச்சி என்று இங்கே சொல்வது ஒரு மொழியின் துயரத்தோடு பின்னியது. அயர்லாந்து மக்களிற் பெரும்பாலோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தம் தாய்மொழியை இழந்து ஆங்கிலம் பேசுவோராகிவிட்டனர். 1893இல் தோன்றிய கேலிக் கழகம் அம்மொழியை மீட்க முனைந்தது. மொழியை இழந்த மக்கள் தம் அடையாளத்தைப் பாட்டிலும் கதையிலும் நாடகத்திலும் தேடிக்கொண்டிருந்த காலத்தில்தான் இத்தம்பதியர் டப்ளினில் வாழ்ந்தனர். 1904இல் தங்க இடமின்றி அலைந்த ஓர் இளைஞன் சில நாள் அவர்கள் வீட்டில் தங்கினான். பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜாய்ஸ் அவன். அவனும் நல்ல பாடகனே.

அயர்லாந்தின் இசை வரலாற்றில் இவ்வுரைக்கு மிகவும் தேவையான ஒரு நிகழ்ச்சி உண்டு. மார்கரெட் பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், 1792 ஜூலையில், பெல்பாஸ்ட் நகரில் பழைய யாழ்ப்பாணர்களை ஒன்றுகூட்டி ஒரு விழா நடத்தினர். வந்து சேர்ந்த அயர்லாந்துப் பாணர் பத்துப் பேர்தாம். அவர்களுள் டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைக் கடந்தவர். பித்தளை நரம்புகளை நீண்ட நகங்களால் மீட்டியவர். அம்மரபில் அப்படி மீட்டத் தெரிந்தவர் அவருக்குப்பின் இல்லை என்னும் நிலை. அவர்கள் வாசிப்பதைக் கேட்டு எழுதிவைக்கும் பணி எட்வர்ட் பன்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கட்டை அழுத்தும் கருவிகளிலேயே ஊறியவர். 1796இல் அவர் வெளியிட்ட நூலில் அப்பாணர்களின் மெட்டுகள் பியானோவுக்கு ஏற்றபடி அமைக்கப்பட்டிருந்தன. பியானோவில் வராதவை மாறின. பாணர் அறியாத ஒத்திசைச் சுரங்கள் வந்து சேர்ந்தன. இன்று ஆய்வாளர் அச்சு நூலை விட்டு, பாணர் எதிரே அமர்ந்து அவர் கிறுக்கிய குறிப்பேடுகளுக்குத் திரும்புகின்றனர். பன்டிங்கைக் குறைகூற நான் வரவில்லை. அவர் எழுதியிராவிட்டால் அம்மெட்டுகளிற் பல பாணரோடே மண்ணுக்குள் போயிருக்கும். ஆயினும் எழுதுகிறவரின் காதும் கருவியும் எழுத்துக்குள் நுழைந்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மார்கரெட்டின் வாழ்வில் பியானோவின் இடத்தை விரைவில் அரசியல் பிடித்துக்கொண்டது. 1908இல் ஹான்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து அயர்லாந்துப் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910இல் இலண்டனில் நடந்த போராட்டத்தில் அரசு இல்லத்தின் சாளரங்களை உடைத்ததற்காக ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913இல் டப்ளின் கோட்டையின் கண்ணாடிகளை உடைத்து டல்லமோர் சிறைக்குச் சென்றார். அரசியல் கைதியாக நடத்தவேண்டும் என்று உண்ணாநோன்பு இருந்தார். விரல்களைப் பேணிக் காக்கவேண்டிய கலையைப் பயின்றவர் கல்லெடுத்து எறிந்ததை அவருடைய பழைய ஆசிரியர்கள் எப்படி ஏற்றிருப்பார்களோ!

இத்தம்பதியர் மரக்கறி உண்போர். பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டோர். அன்னி பெசன்ட் அம்மையாரின் தொடர்பால் 1915இல் சென்னைக்கு வந்தனர். ஜேம்ஸ், பெசன்ட் நடத்திய 'நியூ இந்தியா' நாளிதழில் பணியில் அமர்ந்தார். மறு ஆண்டு டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நிகழ்ந்தது. அதைப் பாராட்டி அவர் எழுதிய கட்டுரையால் வேலை போயிற்று. பெசன்ட் அவரைக் கைவிடாமல் மதனப்பள்ளியிலிருந்த பிரம்மஞானக் கல்லூரிக்கு அனுப்பினார். மதனப்பள்ளி இன்று ஆந்திரத்தில் உள்ளது. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. மார்கரெட்டும் அங்கே ஆங்கிலம் கற்பித்தார். ஒரு செய்தித்தாள் கட்டுரை வேலையைப் பறிக்காதிருந்தால் அவர்கள் அவ்வூருக்குப் போயிருக்கவே மாட்டார்கள்.

1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரவீந்திரநாத் தாகூர் தென்னாட்டில் சுற்றுப்பயணம் மேற்கொண்டிருந்தார். இடையில் இளைப்பாற மதனப்பள்ளியில் கசின்ஸ் தம்பதியரின் விருந்தினராகத் தங்கினார். கல்லூரியில் மாணவரும் ஆசிரியரும் கூடிய ஒரு மாலையில் அவர் 'ஜன கண மன' பாடலைப் பாடினார். அது புதிய பாடலன்று. 1911 டிசம்பர் 27இல் கல்கத்தாக் காங்கிரசு மாநாட்டிலேயே பாடப்பட்டது. சொல்லும் மெட்டும் தாகூருடையவை. ஆயினும் வங்காளத்திற்கு வெளியே அதை அறிந்தோர் அன்று குறைவு. கேட்ட மாணவர் மனம் பறிகொடுத்தனர். திருப்பாட்டில் தாமும் சேர்ந்துகொண்டனர். அதன்பின் இரண்டு செயல்கள் நிகழ்ந்தன. தாகூர் தம் பாடலை ஆங்கிலத்தில் பெயர்த்து, 'இந்தியாவின் காலைப் பாடல்' என்னும் பொருளில் தலைப்பிட்டு எழுதித் தந்தார். அப்படி 1919 பிப்ரவரி 28ஆம் நாளைத் தாங்கியது. மார்கரெட் அம்மையாரோ, தாகூரிடம் கேட்டுச் சரிபார்த்து, மாணவர் சிலரின் துணையோடு மெட்டை மேலைநாட்டு ஐந்துகோட்டுக் குறியீட்டில் எழுதினார்.

அவர் செய்தது இவ்வளவே. இந்த 'இவ்வளவு' எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்கவேண்டும்.

பேச்சைக் கேட்டு எழுத்தில் வடிப்பது மொழியியலாரின் அன்றாடத் தொழில். ஆய்வு மாணவனாக இருந்தபோது கெடாவின் தோட்டப்புறமொன்றில் ஒரு மூதாட்டி பாடிய தாலாட்டை நாடாவில் பதிந்து, இரவெல்லாம் கண்விழித்து ஒலிக்குறியீட்டில் எழுதினேன். மறுநாள் பெருமையோடு அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "சொல்லு என்னுதுதான் தம்பி, பாட்டு என்னுது இல்லியே" என்றார். என் ஆய்வேட்டில் அத்தொடர் இடம்பெறவில்லை, இடம்பெற்றிருக்க வேண்டும்.

எழுத்து எல்லாவற்றையும் எழுதுவதில்லை. நம் தமிழ் எழுத்தையே காண்க. 'கண்', 'தங்கம்', 'பகல்' என்னும் மூன்று சொற்களிலும் ககரம் ஒரே வடிவில் நிற்கிறது. ஒலியோ மூன்று வகை. எது எங்கே என்பதை எழுத்து சொல்வதில்லை. தமிழ்க் காது சொல்கிறது. தமிழ் அறியாதவர் எழுத்தை மட்டும் கற்று வாசித்தால் மூன்றையும் ஒன்றாகவே ஒலிப்பார். இதைக் குறை என்று சிலர் கருதுகின்றனர். நான் அப்படிக் கருதவில்லை. தெரிந்தவர்க்கு நினைவூட்டுவதற்கு அமைந்த எழுத்து அது. ஐந்துகோட்டுக் குறியீட்டுக்கும் இந்திய இசைக்கும் உள்ள உறவு ஏறத்தாழ இத்தகையது. குறியீடு சுரத்தின் இடத்தைச் சொல்லும். அதன் அளவைச் சொல்லும். ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்திற்கு வழுக்கிச் செல்வதையும், தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நில்லாமல் அசைந்துகொண்டே இருப்பதையும் அது சொல்லத் தடுமாறும்.

பியானோவின் தடுமாற்றம் அதனினும் பெரிது. எண்பத்தெட்டுக் கட்டைகள், ஒரு மண்டிலத்திற்குப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரே அளவு தொலைவு. கட்டையை அழுத்தினால் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். அதன்பின் அவ்வொலியை வளைக்கவோ அசைக்கவோ வாசிப்பவரால் ஆகாது. சிலப்பதிகாரம் சொல்லும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்கும் பியானோவில் இடம் உண்டு. நரம்பை வருடி எழுப்பும் நெளிவுக்கு இடமில்லை. வயலினும் நம் நாட்டுக்கு வந்த கருவிதான். அது கருநாடக இசைக்குள் முழுதாகக் கலந்ததற்கும் பியானோ வாசலிலேயே நின்றதற்கும் காரணம் இதுவே.

மார்கரெட் அம்மையாருக்கு முன்பே இச்சிக்கலோடு மல்லாடிய தமிழர் உண்டு என்பதை மாணவர்கள் அறியவேண்டும். ஏ. எம். சின்னசாமி முதலியார் 1892இல் சென்னையிலிருந்து தென்னிந்தியக் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிடத் தொடங்கினார். எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதரை எழுதுமாறு தூண்டியவரும் அவரே. தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' 1904இல் வெளிவந்தபோது, அதில் கமகங்களுக்கென்றே தனிக் குறிகள் இடம்பெற்றன. எழுத்தில் அடங்காதது எது என்று அறிந்து, அதற்கெனக் குறி தேடியவர் அவர். ஐந்துகோட்டில் எழுதுவதே நம் இசையை மேலைநாட்டார் காணக் கொடுத்த பெருமை என்று பேசுவோரும், எழுதுவதே நம் இசையைக் கெடுக்கும் என்று பேசுவோரும் இந்த நூலை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

இனி 1919க்குத் திரும்புவோம். தாகூரின் மெட்டு இத்தகைய எழுத்துக்கு இணங்கி வருவது. பெரும்பாலும் நம் சங்கராபரணத்தின் சுரங்களிலேயே அது நடக்கிறது. பியானோவில் வெள்ளைக் கட்டைகளைத் தொடர்ந்து அழுத்தினால் கிடைக்கும் வரிசை அது. தொடக்கத்தில் இரண்டு படி ஏறிக் காந்தாரத்தில் நிலைகொள்கிறது. அங்கேயே அசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறது. பெரும்பாலும் ஓரசைக்கு ஒரு சுரம். கூட்டமாக நின்று பாடுவோர்க்கும் ஏற்றது. குறியீட்டில் எழுதுவோர்க்கும் ஏற்றது. தோடியில் அமைந்த ஒரு பதத்தை அன்று தாகூர் பாடியிருந்தால் அம்மையாரின் எழுதுகோல் வெகுநேரம் தயங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எழுதியதால் அவர் அம்மெட்டின் ஆசிரியர் ஆகிவிடுவாரா? நம் மொழி வரலாற்றிலேயே விடை இருக்கிறது. எகர ஒகரங்களில் குறிலையும் நெடிலையும் எழுத்தில் வேறுபடுத்திக் காட்டும் இன்றைய முறையை வழங்கியவர் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர். அதற்காக நாம் அவருக்கு என்றும் கடன்பட்டவர்கள். 'கோடு' என்னும் சொல்லை அவர் படைத்தார் என்று எவரும் சொல்வதில்லை. மெட்டு தாகூருடையது, மதனப்பள்ளியில் அதற்கு ஐந்துகோட்டு எழுத்துவடிவம் தந்தவர் மார்கரெட். கரும்பலகையில் எழுத இரண்டு வரி போதும். இசையமைத்தவர் என்னும் பட்டம், வேண்டாத இடத்தில் சூட்டப்பட்ட மாலை. அம்மாலையைக் கழற்றும் வேகத்தில் அவரையே அவையைவிட்டு வெளியேற்றிவிடக் கூடாது.

ஏனெனில் மாலை சூட்டத்தக்க இடங்கள் அவர் வாழ்வில் வேறு பல உண்டு. 1917இல் அன்னி பெசன்ட், டாரதி ஜினராஜதாசா ஆகியோரோடு இந்திய மாதர் சங்கத்தைச் சென்னையில் நிறுவினார். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது பெண்கல்வி பற்றி முறையிட விண்ணப்பித்தார். அரசியல் சீர்திருத்தம் பற்றிப் பேசுவோர்க்கே நேரம் தரப்படும் என்று விடை வந்தது. அப்படியானால் வாக்குரிமையே கேட்போம் என்று விண்ணப்பத்தை மாற்றினார். சரோஜினி நாயுடு தலைமையில் சென்ற அக்குழுவே இந்தியப் பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட முதல் குழு. பள்ளிக்கூடம் கேட்கப் போனவர்கள் வாக்குச்சீட்டு கேட்டுத் திரும்பிய கதை இது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிற்று. இந்திய மாகாணங்களில் அதுவே முதல். 1920களின் தொடக்கத்தில் சைதாப்பேட்டையில் மதிப்புறு நீதிபதியாக அமர்ந்தார். இந்தியாவில் அப்பதவி ஏற்ற முதல் பெண் அவர். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டமன்றத்தில் நுழைந்ததன் பின்னணியிலும் மாதர் சங்கத்தின் உழைப்பு இருந்தது. 1927இல் கூடிய அனைத்திந்திய மாதர் மாநாட்டிற்கும் இவர் விடுத்த அழைப்பே வித்து. 1932 இறுதியில், அரசின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக வேலூர்ச் சிறைக்கு அனுப்பப்பட்டு, 1933 அக்டோபர்வரை அங்கிருந்தார். ஹாலோவே, டல்லமோர், வேலூர் என மூன்று நாட்டுச் சிறைகளை அறிந்த இசைப் பட்டதாரி வேறு எவரேனும் உண்டோ என்பது ஐயமே.

இசையை அவர் விட்டுவிடவும் இல்லை. கீழை இசையையும் மேலை இசையையும் ஒருசேர நோக்கிய அவருடைய கட்டுரைத் தொகுதி 1935இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. இரண்டிற்கும் இடையே ஒன்றையொன்று புரிந்துகொள்ளல் வேண்டும் என்பதைத் துணைத்தலைப்பிலேயே வைத்தார். ஒன்றை மற்றொன்றின் அளவுகோலால் அளக்கும் பழக்கம் அன்று இருபக்கமும் மிகுந்திருந்தது. பன்டிங்கின் பியானோ அயர்லாந்து யாழுக்குச் செய்தது அதுவே. அந்நாட்டு மகள் எழுதிய நூலில் அத்தகைய துணைத்தலைப்பைக் காணும்போது எனக்கு ஒரு நிறைவு தோன்றுவதுண்டு.

தொடக்கத்தில் தள்ளிவைத்த பேச்சுக்கு வருகிறேன். 1927இல் தாகூர் மலாயாவுக்கு வந்தார். சிங்கப்பூர் முதல் பல ஊர்களில் உரையாற்றிப் பினாங்குக்கும் வந்தார். அவரோடு வந்தவர்களுள் ஒருவர் மொழியியல் அறிஞர் சுநீதி குமார் சாட்டர்ஜி. எங்கள் துறையின் முன்னோடி என்பதால் அவர் பெயரைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து, அக்டோபர் 21இல் சுதந்திர இந்திய இடைக்கால அரசை அறிவித்தார். அவ்வரசின் பண்ணாக 'சுப் சுக் செய்ன்' என்னும் பாடல் ஏற்கப்பட்டது. சொற்கள் எளிய இந்துஸ்தானியில் புதிதாக அமைந்தவை. மெட்டு 'ஜன கண மன'வினுடையது. படையணிக்கேற்ற இசை வடிவம் தந்தவர் கேப்டன் ராம் சிங் தாக்குரி.

அதைப் பாடியவர்கள் யார்? இரப்பர்த் தோட்டங்களிலிருந்து இந்திய தேசியப் படைக்குச் சென்ற தமிழ் இளைஞர்கள். கேப்டன் லட்சுமியின் கீழ் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்கள். நம் பினாங்கிலேயே 1942இல் சுவராஜ் நிறுவனம் என்னும் பயிற்சிக்கூடம் இயங்கியது. இந்துஸ்தானி அறியாதவர்கள் அப்பாடலைக் காதாற் கேட்டே மனப்பாடம் செய்தனர். சொற்பொருள் முழுதும் புரிந்ததோ இல்லையோ, மெட்டு நெஞ்சில் நின்றது. பின்னாளில் வானொலியில் இந்திய நாட்டுப்பண்ணைக் கேட்டவர்களுக்கு அது தம்முடைய பழைய பாட்டாகவே ஒலித்திருக்கும்.

மதனப்பள்ளியில் எழுதப்பட்ட தாளே கைமாறிச் சிங்கப்பூருக்கு வந்தது என்று கதை கட்டிவிடலாம். கேட்க இனிமையாகவும் இருக்கும். அப்படிச் சொல்ல எனக்குச் சான்றில்லை. போஸ் ஜெர்மனியில் இருந்தபோதே அம்மெட்டைத் தெரிவுசெய்துவிட்டார். 1942 செப்டம்பரில் ஹாம்பர்க் நகரில் இசைக்குழு அதை வாசித்தது. மெட்டு பல வழிகளில் பயணம் செய்யும். வாயாலும் போகும், தாளாலும் போகும்.

நாட்டுப்பண்களின் மெட்டுகள் ஊர் சுற்றுவதில் நம்மவர்க்கு வியப்பு இருக்க வேண்டியதில்லை. 1957இல் நம் 'நெகாராகூ'வுக்குத் தெரிவான மெட்டு பேராக் மாநிலப் பண்ணினுடையது. அது செய்ஷல்ஸ் தீவில் வழங்கிய ஒரு மெட்டோடு தொடர்புடையது. 'தெராங் புலான்' என்னும் காதற்பாட்டாகவும் இங்கே திரிந்தது. பிரிட்டிஷ் அரசப் பண்ணின் மெட்டையே எடுத்து, முத்துசாமி தீட்சிதர் வடமொழியில் தேவியைப் பாடினார். மெட்டுக்கு எல்லைக்காவல் இல்லை. யார் கையில் எந்த வடிவம் பெற்றது என்று எழுதிவைக்கும் பொறுப்பு மட்டும் வரலாற்று மாணவனுக்கு உண்டு.

1937இல் இந்தியாவின் நாட்டுப்பண் எதுவாக இருக்கவேண்டும் என்னும் விவாதம் எழுந்தபோது, 'ஜன கண மன'வே ஏற்றது என்று ஜேம்ஸ் கசின்ஸ் வெளிப்படையாக எழுதினார். அரசியல் நிர்ணய மன்றம் அதை நாட்டுப்பண்ணாக ஏற்றது 1950 ஜனவரி 24இல். தாகூர் மறைந்து எட்டாண்டுகளுக்கு மேலாகியிருந்தன. மார்கரெட் அம்மையார் உயிரோடிருந்தார். ஆனால் 1940களின் இடையில் தாக்கிய பக்கவாதம் அவரை முடக்கியிருந்தது. பியானோ வாசித்துப் பழகிய உடல் பிறர் உதவியை நாடியிருந்தது. அதே 1950இல் கணவரும் மனைவியும் மாறி மாறி எழுதிய வாழ்க்கை வரலாறு, 'நாமிருவரும் ஒன்றாக' என்னும் பொருளுடைய தலைப்போடு சென்னையில் அச்சாயிற்று. 1954 மார்ச் 11இல் அடையாற்றில் அம்மையார் மறைந்தார். இரண்டாண்டு கழித்து, அவர் அப்பாட்டை எழுதிய மதனப்பள்ளியிலேயே, ஜேம்ஸ் கண்மூடினார்.